110 வயது வரை அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

"யாருடா இவன்? நூத்திப்பத்து வயசுன்னு போட்டிருக்கு!"

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மேஜைமேல் கிடந்த ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்த தாத்தாதான் இப்படிக் கேட்டார். அவருக்கு 82 வயது. பேரனுக்கு 24.

பேரனுக்குச் சிரிப்பு வந்தது. "அது ஒரு கேம் தாத்தா. நிஜ ஆள் இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து நான்தான் அவன்."

அந்தத் தாளுக்கு 'கேரக்டர் ஷீட்' என்று பெயர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்கிற ரோல் பிளேயிங் விளையாட்டில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. கிட்டத்தட்ட ஜாதகம் மாதிரி. பெயர், இனம், உடல் பலம், புத்திக்கூர்மை, வயது எல்லாம் அதில் இருக்கும். கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் வாராவாரம் வீடியோ காலில் கூடுவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் வாளை உருவுகிறேன்' என்று சொல்லச் சொல்லக் கதை நகரும். ஜெயிப்பதும் தோற்பதும் 20 முகங்கள் கொண்ட ஒரு பகடையின் கையில்.

பேரன் இந்த முறை தேர்ந்தெடுத்திருந்தது 'எல்ஃப்' இனம். கூர்மையான காது, மெலிந்த உடல், நீண்ட ஆயுள். வயது என்ற கட்டத்தில் பெரிதாக யோசிக்காமல் 110 என்று எழுதிவிட்டான்.

தாத்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லெவல் ஒண்ணுன்னு எழுதியிருக்கியே, அப்படின்னா?"

"இப்பத்தான் ஆரம்பிக்கிறான்னு அர்த்தம்."

"அது சரி... நூத்திப்பத்து வயசு வரைக்கும் அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

பேரனிடம் பதில் இல்லை.

35 வயதில் ஆரம்பிக்கும் முதுமை

அந்தக் கேள்வி அந்த வாரம் முழுக்க அவனை விடவில்லை. அலுவலகம் போய்வரும் மின்சார ரயிலில் பழைய விதிப் புத்தகங்களைப் போனில் புரட்டினான். இந்த விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது 1974-ல். அது வளர வளர, வயதுக்கும் விதிகள் வந்துவிட்டன.

1979-ல் வந்த கையேடு, வாழ்க்கையை ஐந்து பருவங்களாகப் பிரிக்கிறது. இளம் வயது, முதிர்ந்த வயது, நடுவயது, முதுமை, தள்ளாமை. அதில் இளைஞர்களுக்கு ஒரு விதி: உடல் தாங்கும் சக்தியில் ஒரு புள்ளி கூடும், விவேகத்தில் ஒரு புள்ளி குறையும். இதை எழுதியவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்!

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் கணக்கு இன்னும் கறார். மனிதனுக்கு 35 வயதில் நடுவயது ஆரம்பம். 53-ல் முதுமை. 70-ல் தள்ளாமை. ஒவ்வொரு படி ஏறும்போதும் பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி மூன்றும் குறையும். முதல் படியில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. ஆக மொத்தம் ஆறு போய்விடும். பதிலுக்கு அறிவு, விவேகம், ஆளுமை மூன்றும் படிக்கு ஒன்றாக, மொத்தம் மூன்று புள்ளிகள் கூடும். ஆறு கொடுத்து மூன்று வாங்கும் பேரம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பதிப்பில் தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதும் மெல்லிய சத்தத்தைக் கேட்பதும் விவேகத்தைச் சேர்ந்த திறமைகள். வயதானால் விவேகம் கூடும் என்பதால், விதிப்படி 70 வயதுக்காரருக்குக் கண்ணும் காதும் 20 வயதுக்காரரைவிடக் கூர்மை!

பேரன் இதைச் சொன்னபோது தாத்தா டி.வி சீரியலை 42-ல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ரூல் எழுதினவனை ஒரு நாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

விளையாடுபவர்களும் சும்மா இருப்பார்களா? மந்திரவாதிக்கு உடம்பு எதற்கு, அறிவு போதுமே என்று, ஆரம்பத்திலேயே 70 வயதுக் கிழவராகக் கதாபாத்திரத்தை உருவாக்கி மூன்று புள்ளிகளை இலவசமாக அள்ளிக்கொண்டவர்கள் உண்டு. முதுமையின் வலி ஒன்றும் படாமல், அதன் லாபம் மட்டும் கைக்கு வந்துவிடும்.

பழைய பதிப்புகளில் வயது ஒரு நாணயமாகவும் புழங்கியது. ஒருவரை இருமடங்கு வேகத்தில் இயங்க வைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. சண்டையில் அது பெரிய வரம். ஆனால், அதை வாங்கிக்கொண்டவருக்கு ஒரு வயது கூடிவிடும். ஆவியைப் பார்த்துப் பயந்தாலே பத்து வயது கூடிவிடும் ஆபத்தும் இருந்தது. மனிதக் கதாபாத்திரம் அலறும். எல்ஃப் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். பத்து வருடம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தப் புள்ளிக் கணக்கை எடுத்துவிட்டது. அதில் 20 வயது வீரனும் 70 வயது வீரனும் ஒன்றுதான். ஆனால், தாத்தாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது. எல்ஃப்களின் உடல் மனிதர்களின் வேகத்திலேயே வளர்ந்துவிடும். ஆனால், உலகத்தைப் பார்த்துப் பழகிய பிறகுதான் ஒருவரைப் 'பெரியவர்' என்று ஏற்பார்கள். அதற்கு 100 வயது ஆகும். அப்போதுதான் பெரியவருக்கான பெயரையே சூட்டிக்கொள்வார்கள். ஆயுள் 750 வருடம் வரை.

"அதாவது நூறு வருஷம் ஊர் சுத்தியிருக்கான்" என்றார் தாத்தா. "சரி, யார்கூட சுத்தினான்?"

மறுபடியும் பதில் இல்லை.

ஒரே கூட்டத்தில் மூன்று கடிகாரங்கள்

'யார்கூட' என்ற அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

இந்த விளையாட்டில் யாரும் தனியாகப் போவதில்லை. ஒரு குழுவாகத்தான் போவார்கள். அதில் 20 வயது மனிதன் ஒருவன், 50 வயது ட்வார்ஃப் ஒருவர், 110 வயது எல்ஃப் ஒருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் அவரவர் இனத்தில் இளைஞர்கள். ஒரே தீயில் குளிர்காய்கிறார்கள், ஒரே பானையில் சாப்பிடுகிறார்கள்.

50 வருடம் போகட்டும். மூன்றாம் பதிப்பின் அட்டவணைப்படி மனிதனுக்கு 70, தள்ளாமை வந்துவிட்டது. ட்வார்ஃபுக்கு 100. அவருக்கு நடுவயதே 125-ல்தான். எல்ஃபுக்கு 160. 175 வரை அது இளமைக் கணக்கில்தான் இருக்கும். ஒன்றாகக் கிளம்பிய மூவரில் ஒருவன் கம்பு ஊன்றி நிற்கிறான். இன்னொருவர் தலைமுடிகூட நரைக்காமல் பக்கத்தில் நிற்கிறார்.

மனிதனுக்கும் எல்ஃபுக்கும் பிறந்த 'ஹாஃப் எல்ஃப்' பாடு இன்னும் சிக்கல். 180 வயதுக்கு மேலும் வாழும் அவர்கள், மனிதராகப் பிறந்த தாயோ தந்தையோ மூப்படைந்து போவதைப் பார்த்தே ஆக வேண்டும். அதன் பிறகும் அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு மிச்சம் இருக்கும். எல்ஃபாகப் பிறந்தவருக்கோ, தன் பிள்ளை தன் கண்முன்னால் கிழவராகிப் போகும்.

எல்ஃப்கள் மட்டுமே வாழும் காட்டில் யாருக்கும் ஆயுள் நீளம் என்று தோன்றாது. பக்கத்தில் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த நீளம் தெரியும். விதிப் புத்தகத்தின் புள்ளிகளால் சொல்ல முடியாத இந்த இடத்தைத் தொட்ட விளையாட்டுகளும் உண்டு.

ஆயிரம் வயது மாணவன்

'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையை உருவாக்கிய ஜப்பானியர் ஹிரோனோபு சகாகுச்சி. அவர் 2007-ல் கொண்டுவந்த வீடியோ கேம் 'லாஸ்ட் ஒடிசி'. அதன் நாயகன் கைம், ஆயிரம் வருடமாக வாழ்கிறான். சாவே கிடையாது. பார்க்க வாட்டசாட்டமான இளைஞன். ஆனால், நினைவுகள் அழிந்துவிட்டன. பயணத்தில் ஏதோ ஒரு காட்சி, ஏதோ ஒரு பேச்சு பழைய நினைவைத் தட்டி எழுப்பும்போது, திரையில் சண்டை நின்றுபோய் எழுத்துகள் ஓடத் தொடங்கும். அவை முப்பதுக்கும் மேற்பட்ட சிறுகதைகள். எழுதியவர் ஜப்பானிய நாவலாசிரியர் கியோஷி ஷிகெமட்சு. பெரும்பாலான கதைகளில் கைம் யாரையோ சந்திக்கிறான், பழகுகிறான், அவர்கள் போன பிறகும் இருக்கிறான்.

ஒரு கட்டத்தில் கைம் தன் மகளைக் கண்டுபிடிக்கிறான். சின்ன வயதிலேயே இறந்துபோனாள் என்று அவன் நம்பியிருந்த மகள். அவள் நோயில் விழுந்து, கட்டிலோடு கிடக்கிறாள். பக்கத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகள். அப்பா இளைஞனாகக் கட்டிலருகே நிற்கிறான். மகள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடுகிறாள். அதன் பிறகு இறுதிச் சடங்கு. பூப்பறித்து வருவதிலிருந்து பந்தம் ஏந்துவது வரை விளையாடுபவரையே செய்யச் சொல்கிறது கேம். பொத்தானை அழுத்தித் தாண்டிவிட முடியாது.

இதே கேமில் சிரிப்பும் உண்டு. சாவில்லாத கடற்கொள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள், பெயர் சேத். பார்க்க இளம்பெண். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் அவளை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வருவார். அவர் அவளுடைய மகன்!

இந்த விளையாட்டின் அழகான விஷயம் அதன் விதியில்தான் ஒளிந்திருக்கிறது. சண்டையில் விழுந்தால், சாவில்லாதவர்கள் கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துவிடுவார்கள். சாதாரண மனிதர்களை யாராவது கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். இது எதிர்பார்த்ததுதான். ஆனால், அனுபவம் கூடக் கூடப் புதுத் திறமைகள் தானாக முளைப்பது சாதாரண மனிதர்களுக்கு மட்டும்தான். சாவில்லாதவர்களுக்கு அப்படி வராது. சில அணிகலன்களிலிருந்து கற்கலாம். இல்லாவிட்டால், சாகக்கூடிய ஒருவரின் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து சண்டையிட்டு, அவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மகள் விட்டுப்போன அந்த இரண்டு பிள்ளைகளும் கைமோடு கிளம்பிவிடுகிறார்கள். இருவருக்கும் மந்திரம் வரும். ஆயிரம் வயதுத் தாத்தா, பத்து வயதைச் சுற்றியுள்ள பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று மந்திரம் படிக்கிறார்!

எட்டு வருடம் சிலையாக நின்ற அப்பா

ஆயுள் நீளமாக இருந்தாலும் அது கைக்கு வராமல் போகலாம் என்று சொன்ன விளையாட்டு, 1992-ல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 5'. யூஜி ஹோரி உருவாக்கியது. இப்போது செல்போனிலும் கிடைக்கிறது.

நாயகன் முதலில் அப்பாவின் கை பிடித்து நடக்கும் சிறுவன். கண்ணெதிரில் அப்பா கொல்லப்படுகிறார். பத்து வருடம் அடிமை வாழ்க்கை. தப்பி வருகிறான், கல்யாணம் ஆகிறது, இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. அந்தச் சந்தோஷத்தில் விளையாடுபவர் மூச்சுவிடுவதற்குள், சாபத்தால் நாயகன் கல்லாகிவிடுகிறான். யாரோ விலைக்கு வாங்கிப் போய் வீட்டுத் தோட்டத்தில் சிலையாக நிறுத்துகிறார்கள். வெயில், மழை, பனி. அந்த வீட்டுக் குழந்தை வளர்வதை அவன் நின்றபடி பார்க்கிறான். எட்டு வருடம் கழித்து, அவனைத் தேடிக் கண்டுபிடித்து மீட்பவர்கள் அவனுடைய சொந்தப் பிள்ளைகள். அவன் பார்க்காமலேயே எட்டு வயதுக்கு வளர்ந்துவிட்ட பிள்ளைகள்.

உலகத்தைக் காக்கப்போகும் வீரனைத் தேடித்தான் அவனுடைய அப்பா ஊர் ஊராக அலைந்தார். நாமும் நாயகன்தான் அந்த வீரன் என்று நினைத்துக்கொண்டே விளையாடுவோம். ஆனால், அந்தத் தெய்வீக வாள் அவன் கைக்குப் பணிவதில்லை. அவன் மகனின் கைக்குத்தான் பணிகிறது. நாயகன் அந்த வீரனின் அப்பா, அவ்வளவுதான். பாதிப் பயணத்தில் இது தெரியவரும்போது, ஏமாற்றத்துக்குப் பதிலாக ஒரு பெருமை வருகிறதே, அதுதான் இந்த கேமை 30 வருடம் கடந்தும் பேசவைக்கிறது.

குளிர்காலத்தில் பகடை

மேஜையில் ஆடும் விளையாட்டுகளில், முதுமையை நேருக்கு நேர் பார்த்தவர் கிரெக் ஸ்டாஃபோர்டு. அமெரிக்கரான இவர் 1985-ல் உருவாக்கிய 'பென்டிராகன்', ஆர்தர் மன்னர் காலத்து பிரிட்டனில் நடக்கிறது. இதில் எல்ஃப் எல்லாம் கிடையாது. 21 வயதில் கிளம்பும் மனித வீரர்கள்தான். வருடத்துக்கு ஒரு சாகசம். பிறகு குளிர்காலம் வரும். அப்போது வீரர் வீடு திரும்ப வேண்டும். விளைச்சல் எப்படி, கல்யாணம் உண்டா, குழந்தை பிறந்ததா, பிறந்த குழந்தை பிழைத்ததா, எல்லாவற்றுக்கும் பகடை உருட்ட வேண்டும்.

35 வயதைத் தாண்டிவிட்டால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் முதுமைக்கென்று தனியாக ஒரு பகடை. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் உடம்பில் ஏதாவது ஒன்று குறையும். ஒருநாள் அந்த வீரர் குதிரை ஏற முடியாதவராகிவிடுவார், அல்லது இறந்துபோவார். அப்போது விளையாடுபவர் அவருடைய மகனின் தாளை எடுத்துக்கொள்வார். அப்பா சேர்த்த புகழில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மகனுக்கு வரும். மீதி ஒன்பது பங்கை அவன்தான் சம்பாதிக்க வேண்டும். அதனால்தான், வாரிசு பிறந்தான் என்று பகடை சொல்லும் குளிர்காலம் அந்த மேஜையில் டிராகனைக் கொன்ற நாளுக்குச் சமம்.

இன்னும் ரெண்டு பேர்

அடுத்த சனிக்கிழமை. ஆட்டம் ஆரம்பிக்க அரை மணி நேரம் இருந்தது. பேரன் தான் படித்ததையெல்லாம் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கைம், கட்டிலில் கிடந்த மகள், சிலையாக நின்ற அப்பா. தாத்தா டி.வி சத்தத்தைத் தானாகவே குறைத்திருந்தார்.

"நம்ம ஊர்லயும் இருக்கேடா இந்தக் கதை" என்றார். "அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தானே, அது யாருக்குத் தெரியாது? ரொம்ப நாள் உயிரோட இருக்கிற கனியைத் தான் சாப்பிடாம அந்தம்மாவுக்குக் கொடுத்தான். எவ்வளவு பெரிய மனசுன்னு ஸ்கூல்ல சொல்லிக்கொடுப்பாங்க. சாப்பிட்டவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டிருக்காங்களா?"

பேரன் யோசித்தான். புறநானூற்றில் ஔவையார் அதியமானை வாழ்த்திப் பாடியது இருக்கிறது. அதே புறநானூற்றில் அவன் போரில் இறந்த பிறகு, அவனுக்காக அவர் பாடிய கையறுநிலைப் பாட்டும் இருக்கிறது. கனியைக் கொடுத்தவன் போய்விட்டான். வாங்கிச் சாப்பிட்டவர் இருந்து அழுதார்.

தாத்தா தன் போனை எடுத்து, எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து, விரலால் மெதுவாகத் தள்ளினார்.

"காலையில பார்க்ல வாக்கிங் போக ஆறு பேர் இருந்தோம். ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஒண்ணாத்தான் போவோம். இப்ப நானும் இன்னொருத்தனும்தான். மத்த நாலு பேர் நம்பரும் இதுலதான் இருக்கு. உங்கம்மா ஒரு நாள், 'எதுக்கு மாமா, அழிச்சிடட்டுமா'ன்னு கேட்டா. வேணாம்னுட்டேன்."

ஃபோனை மடியில் வைத்துக்கொண்டார்.

"எண்பத்திரண்டுக்கே இப்படின்னா, அந்தப் பையனுக்கு நூத்திப்பத்து. அவன் போன்ல எத்தனை நம்பர் இருக்கும்?"

பேரன் தாளை எடுத்தான். பின்பக்கத்தில் 'முன்கதை' என்று ஒரு பெரிய கட்டம். போன வாரம் 'காட்டில் பிறந்தவன், வில்வித்தை தெரியும்' என்று ஒரே வரி எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி கேட்டான்.

"அந்த நாலு பேரும் எப்படி தாத்தா? பேர் வேணாம். எப்படி இருப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

தாத்தா சாய்ந்து உட்கார்ந்தார். ஒருவர், எவ்வளவு வேகமாக நடந்தாலும் பழைய சினிமாப் பாட்டை விசிலடித்துக்கொண்டே வருவார். மூச்சே வாங்காது. இன்னொருவருக்குச் சர்க்கரை வியாதி. டீக்கடையில் "சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்று கறாராகச் சொல்லிவிட்டு, இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொள்வார். சொல்லும்போதே தாத்தா சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பேரன் எழுதிக்கொண்டே இருந்தான். எல்ஃப் விசிலடிக்கக் கற்றுக்கொண்டது ஒரு மனிதனிடம். அவன் போய் 40 வருடம் ஆகிறது. இப்போதும் காட்டுப் பாதையில் நடக்கும்போது, தன்னை அறியாமல் அதே மெட்டு வரும்.

லேப்டாப்பில் வீடியோ கால் மணி அடித்தது. திரையில் மூன்று முகங்கள். "டேய், ரெடியா? ஆரம்பிக்கலாமா?"

"அஞ்சு நிமிஷம்டா" என்றான் பேரன், பேனாவை வைக்காமல். "இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க."